பழைய காரின் கைகாட்டி இண்டிகேட்டரைச் சரிசெய்து பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

மோரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ40, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு போன்ற வண்டிகளில் முன்கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணில் ஒரு நீளமான இடுக்கு இருக்கும். சுவிட்சைத் திருப்பினால் அதிலிருந்து மஞ்சள் விளக்கோடு ஒரு சிறிய கை எழுந்து படுக்கையாக நிற்கும். இங்கிலாந்தில் விற்ற மோரிஸ் மைனரில் 1961 வரையிலும், ஐரோப்பாவில் விற்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1960 வரையிலும் இது இருந்தது. பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் லூகாஸ் கம்பெனியின் கைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வண்டிகளில் அதிகம் கண்ணில் படுவது எஸ்.எஃப்.80 வகை. கீழே சொல்லும் முறை அதை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற வகைகளில் திருகும் கொக்கியும் இடம் மாறலாம், ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றே.

இந்தக் கை எழவில்லை என்றதும் காயில் (கையைத் தூக்கும் செம்புக்கம்பிச் சுருள்) எரிந்துவிட்டது என்று முடிவு கட்டி ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் காயில் நன்றாகவே இருக்கும். உப்புப் படிவு, காய்ந்து பிசினான எண்ணெய், வழியில் தொலையும் வோல்ட், தூணில் ஏறிய பெயிண்ட் ஆகிய நான்கும் சேர்ந்து கையை இழுத்துப் பிடிக்கின்றன. ஆகவே முதலில் சுத்தம், பிறகு அளவு, ரீவைண்டிங் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

உள்ளே நடப்பது என்ன

கையின் அச்சு மேல்முனையில் இருக்கிறது. ஓய்வில் கை கீழ்நோக்கித் தொங்கும். அச்சுக்கு மேலே செம்புக்கம்பி சுற்றிய காயில், அதற்குள் மேலும் கீழும் நகரும் தேனிரும்பு ப்ளஞ்சர். மின்சாரம் பாய்ந்ததும் ப்ளஞ்சர் உள்ளே இழுபடும், அதோடு இணைந்த நெம்புகோல் கையைத் தூக்கும். மின்சாரம் நின்றதும் கை தன் எடையாலேயே விழும். தள்ளிவிட ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அதனால்தான் சிறு உரசல்கூட இதைப் பாதியில் நிறுத்திவிடுகிறது.

கை மூடியிருக்கும்போது வண்டி குலுங்கித் திறந்துவிடாமல் ஒரு சிறிய கொக்கி பூட்டி வைத்திருக்கும். ப்ளஞ்சர் நகரத் தொடங்கும் முதல் சில மில்லிமீட்டரில் கொக்கி விடுபட்டு, அதன் பிறகே கை எழும். இது தெரியாமல் நகத்தாலோ ஸ்க்ரூடிரைவராலோ கையை நெம்பி இழுப்பதுதான் உடைந்த கைகள் பலவற்றுக்குக் காரணம். மின்சாரம் கொடுத்துத்தான் கையைத் தூக்க வேண்டும். ஒயரிங் செத்திருந்தால் கையும் காயிலும் சேர்ந்த யூனிட்டைக் கழற்றி ப்ளஞ்சரை விரலால் மேலே தள்ளலாம்.

சாமான்கள்

மல்டிமீட்டர், 12 வோல்ட் பேட்டரி, 5 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸும் அதன் ஹோல்டரும், 25 வாட் சால்டரிங் அயர்ன், மிக மெல்லிய இழைகள் கொண்ட சிலிகோன் உறை ஒயர் அரை மீட்டர், 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் தேவைக்கு, 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், பல் துலக்கும் பிரஷ் இரண்டு, தையல் மெஷின் எண்ணெய், கிராஃபைட் பவுடர். சென்னையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நைனியப்பன் நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகளிலும், அக்ரிலிக் ஷீட் தேவராஜ முதலி தெருவிலும், கைக்கருவிகளும் திருகுகளும் செம்புதாஸ் தெருவிலும் கிடைக்கும். டையோடு, எல்.இ.டி. பல்பு போன்றவற்றுக்கு ரிச்சி தெரு.

திருகு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. லூகாஸ் மின் சாமான்களில் இருப்பவை பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற பழைய பிரிட்டிஷ் அளவுத் திருகுகள். 4 பி.ஏ. திருகின் விட்டம் 3.6 மி.மீ., புரி இடைவெளி 0.66 மி.மீ. 6 பி.ஏ. என்றால் 2.8 மி.மீ., 0.53 மி.மீ. கடையில் கையில் கிடைத்த 3 மி.மீ. மெட்ரிக் திருகு 6 பி.ஏ. துளையில் ஒரு சுற்று போகும், இரண்டாம் சுற்றில் புரியைத் தின்றுவிடும். பழைய திருகு நல்ல நிலையில் இருந்தால் துருவை எடுத்து அதையே போடுங்கள்.

கழற்றுவது

பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் எடுங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை பாசிட்டிவ் எர்த், அதாவது பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும், மீட்டர் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காயிலுக்கும் சாதாரண பல்புக்கும் எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். டையோடும் எல்.இ.டி.யும் போடும்போது இந்தக் குறிப்பு தேவைப்படும்.

யூனிட்டைப் பிடித்திருக்கும் திருகு ஒன்றோ இரண்டோதான் இருக்கும், ஆனால் கடலோரக் காசிமேடு, ராயபுரம் பக்கம் பல மழைக்காலம் நின்ற வண்டியில் அது தூணோடு ஒட்டிப்போயிருக்கும். துரு விடுவிக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே ஒரு சொட்டு வைத்துவிடுங்கள். காலையில் திருகின் தலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருப்புங்கள். தலை வழுக்கிப்போன பிறகு டிரில் போடுவதைவிட இந்த ஒரு ராத்திரி மலிவு.

யூனிட் வெளியே சாய்ந்ததும் ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பழைய துணி உறை ஒயர் பிஸ்கட் போல நொறுங்கும். டெர்மினலில் கழற்றி, ஒயர் தூணுக்குள் விழாதபடி நூல் கட்டி வையுங்கள். இடது, வலது என்று இரண்டு யூனிட்டிலும் எழுதுங்கள். அவை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை அல்ல.

சுத்தம் செய்வது

கையின் அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு திருகை எடுத்தால் மேல்தகடு நழுவி வரும். உள்ளே பல்பும் லென்ஸும் தெரியும். லென்ஸை முதலில் தனியாக எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து வரும் எந்தத் திரவமும் அதற்கு ஆகாது. ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடும், தின்னர் பட்டால் கரைந்தே போகும். லென்ஸுக்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் மட்டும்.

மற்ற பாகங்களை முதலில் காய்ந்த பிரஷால் தேய்த்து, பிறகு ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் அச்சு, கொக்கி, நெம்புகோல் மூன்றையும் கழுவுங்கள். பட்டறைகளில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் முக்கும் பழக்கம் இங்கே உதவாது. மண்ணெண்ணெய் ஒரு மெல்லிய எண்ணெய்ப்படலத்தை விட்டுப்போகும், அதில் தூசி ஒட்டும், சில மாதத்தில் கை மறுபடி பாதியில் நிற்கும். உப்பு அதிகம் படிந்திருந்தால், காயிலை விட்டு மற்ற உலோகப் பாகங்களை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி உடனே உலர்த்துங்கள். உப்பைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும், ஆல்கஹால் மட்டும் போதாது.

ப்ளஞ்சரில் துருப்புள்ளி இருந்தால் 1500 நம்பர் வாட்டர் பேப்பரால் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். சுற்றித் தேய்த்தால் விழும் கோடுகள் குழாயில் உரசும். பளபளப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதிகம் தேய்த்தால் ப்ளஞ்சர் மெலியும், குழாய்க்கும் அதற்கும் இடைவெளி கூடும், இழுவிசை குறையும். குழாயின் உள்ளே பஞ்சுக்குச்சியால் துடைத்து, ப்ளஞ்சரில் கிராஃபைட் பவுடரை மெல்லியதாகப் பூசித் துடைத்தெடுங்கள். அதற்குள் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் கேட்கும் இடங்கள் இரண்டே. கைக்கும் இயக்கும் பகுதிக்கும் இடையிலுள்ள ஊசிக்கு மெல்லிய கம்பி முனையில் தொட்டு வைக்கும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். கையின் மேல்முனையில், தகட்டுக்கு அடியில் ஒரு சிறிய பஞ்சுத் திண்டு இருந்தால் அதற்குக் கெட்டி எண்ணெய் ஒரு சொட்டு. இவ்வளவுதான். டப்பாவில் அடைத்த ஸ்பிரேயை இடுக்கு வழியாகப் பீய்ச்சுவது அன்றைக்கு வேலை செய்வது போலத் தோன்றும், பிறகு பிசினாகும்.

சுத்தம் முடிந்த யூனிட்டை நிமிர்த்திப் பிடித்து ப்ளஞ்சரை விரலால் மேலே தள்ளி விடுங்கள். கை தடங்கலில்லாமல் விழுந்து கொக்கியில் பூட்டிக்கொள்ள வேண்டும். சில நேரம் தயங்கினாலும் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

காயிலை அளப்பது

எர்த் முனையைச் சால்டர் பிரித்துவிட்டு இரண்டு யூனிட்டின் காயில் ஓமையும் அளந்து ஒப்பிடுங்கள். பல்பைக் கழற்றி வைத்துத்தான் அளக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நல்லது. ஒன்று 15 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அதில் சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. மீட்டர் எதையுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. பல சமயம் அறுப்பு வெளி முனையில், டெர்மினலுக்கு அருகிலேயே இருக்கும், ஒரு சுற்றைப் பிரித்தெடுத்து ஒட்டினால் போதும்.

பிறகு 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். 15 வினாடிக்கு மேல் தொடர்ந்து வைக்காதீர்கள். மீட்டர் 4 ஓம் காட்டுகிற காயிலில் 12 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர் பாயும், அது 36 வாட் சூடு. விரல் அளவுச் சுருளுக்கு இது அதிகம். சிக்னலில் சுவிட்சை மறந்து நின்றால் காயில் எரிவதற்கும் இதுவே காரணம்.

ரீவைண்டிங் தேவைப்பட்டால் கடைக்காரரிடம் "மோட்டார் மாதிரிச் சுத்திக் கொடுங்க" என்று விட்டுவிடாதீர்கள். பழைய கம்பியின் எனாமலைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் விட்டம், பிரிக்கும்போது சுற்று எண்ணிக்கை, பிரித்த செம்பின் எடை மூன்றையும் குறித்து, அதே அளவில் கேளுங்கள். கையிலிருக்கும் தடித்த கம்பியைச் சுற்றினால் பாபினில் (கம்பி சுற்றும் உருளையில்) சுற்று குறையும், ஓமும் குறையும், ஆம்பியர் ஏறும். கை முரட்டுத்தனமாக எழும், காயிலும் சீக்கிரம் வெந்துபோகும்.

6 வோல்ட் யூனிட்டை 12 வோல்ட் வண்டிக்கு மாற்றுவதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. கம்பியின் குறுக்குப்பரப்பைப் பாதியாக்குங்கள், அதாவது விட்டத்தை 0.7 மடங்காக்குங்கள். அதே பாபினில் இரு மடங்கு சுற்று பிடிக்கும், ஓம் நான்கு மடங்காகும், ஆம்பியர் பாதியாகும். சுற்றையும் ஆம்பியரையும் பெருக்கினால் பழைய அளவே வரும், இழுவிசையும் சூடும் மாறாது. உதாரணமாகப் பழைய கம்பி 24 எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமனைக் குறிக்கும் பிரிட்டிஷ் நம்பர்) என்றால் அதன் விட்டம் 0.56 மி.மீ., புதியது சுமார் 0.4 மி.மீ. 27ஆம் நம்பரும் 28ஆம் நம்பரும் அதற்கு இரு பக்கமும் வரும். பாபினில் இடமிருந்தால் 27, நெருக்கமாக இருந்தால் 28.

பல்புக்குப் போகும் ஒயர்

பல்புக்கான மின் ஓட்டம் அச்சைத் தாண்டிக் கைக்குள் போக வேண்டும். அந்த இடத்தில் இருக்கும் மெல்லிய ஒயர் ஒவ்வொரு எழுச்சியிலும் வளைந்து நிமிர்கிறது, ஒருநாள் அறுந்துபோகிறது. கை எழுந்தும் விளக்கு எரியாததற்கு முதல் சந்தேகம் இதுதான், பல்பு இரண்டாவது.

மாற்று ஒயர் இழை மெல்லியதாகவும் உறை சிலிகோனாகவும் இருக்கட்டும். சாதாரண பி.வி.சி. ஒயர் விறைப்பாக இருந்து கையை மேலே போகவிடாது, அல்லது முழுதாக விழவிடாது. ஒட்டும்போது ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறிய பகுதி கம்பியாக விறைத்து, அது முடியும் இடத்திலேயே ஒடியும். ஒட்டும் இடத்துக்கு 5 மி.மீ. மேலே மூக்குக் கிடுக்கியால் பிடித்துக்கொண்டால் சூடு அங்கேயே நின்றுவிடும். அச்சருகே ஒரு தளர்ந்த வளைவு விட்டு, கை முழுதாக எழுந்த நிலையில் ஒயர் இழுபடவில்லை என்றும், விழுந்த நிலையில் எங்கும் நசுங்கவில்லை என்றும் சரிபாருங்கள்.

பல்பு 3 வாட் ஃபெஸ்டூன். 12 வோல்ட்டுக்கு லூகாஸ் எண் 256. இருபுறமும் தொப்பி வைத்த மெல்லிய குழல் பல்பு அது, பழையதன் நீளத்தை அளந்து வாங்குங்கள். 5 வாட் போட்டால் வெளிச்சம் கூடும், லென்ஸ் உருகும். எல்.இ.டி. போடுவதானால் வெள்ளை வேண்டாம், மஞ்சள் லென்ஸுக்குப் பின்னால் அது வெளிறித் தெரியும். மஞ்சள் எல்.இ.டி.யே எடுப்பாக இருக்கும். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு எந்தப் பக்கம் போட்டாலும் எரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

லென்ஸ்

மங்கலாக மட்டும் இருந்தால் 1000, 1500, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, பிறகு பித்தளை பாலிஷால் துணியில் தேய்த்தால் தெளியும். உடைந்திருந்தால் எஸ்.எஃப்.80க்கு இங்கிலாந்தில் செய்யும் புது லென்ஸ்கள் கிடைக்கின்றன. இங்கேயே செய்வதானால் 2 மி.மீ. மஞ்சள் அக்ரிலிக்கை அறுத்து, மரக்கட்டையில் அச்சு செதுக்கி, 150 டிகிரி அளவில் ஓவனில் சூடாக்கி அதன் மேல் படியவிட வேண்டும். மிகப் பழைய கைகளில் செல்லுலாய்டு இருக்கக்கூடும். அது தீப்பிடிக்கும் பொருள், ஹீட் கன் அருகே கொண்டுபோகாதீர்கள்.

தூணின் இடுக்கு

மேலே திறந்து கிடக்கும் இந்த இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கும். அடியில் வடிகால் துளை அடைபட்டிருந்தால் தண்ணீர் தேங்கித் தூணும் கீழ்ச்சட்டமும் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வடசென்னைக் கடற்காற்றில் இது இன்னும் வேகம். ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி எங்கே, எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது என்று பாருங்கள். வரவில்லை என்றால் சைக்கிள் பிரேக் கம்பியால் குத்தி எடுங்கள். காய்ந்த பிறகு துருவைச் சுரண்டி, துத்தநாக பிரைமர் அடித்து, அதன் மேல் மெழுகு வகைத் துருத்தடுப்பைப் பூசுங்கள்.

பெயிண்ட் வேலை முடிந்து வந்த வண்டியில் கை திடீரென்று எழ மறுத்தால் குற்றவாளி டிங்கரிங் பட்டறைதான். இடுக்கின் ஓரத்தில் பட்டியும் நான்கைந்து கோட் பெயிண்டும் ஏறி வாய் குறுகியிருக்கும். கைக்கு இருபுறமும் 1 மி.மீ. இடைவெளி கட்டாயம். பெயிண்டருக்கு வண்டியை விடும் முன்பே இடுக்கின் வாயை டேப் ஒட்டி மூடிவிடுவது உத்தமம்.

பொருத்துவதும் ஒயரிங்கும்

யூனிட்டின் எர்த்தைத் திருகு வழியே தூணிடம் நம்பி விடாதீர்கள். புதுப் பெயிண்ட் அதை மறைத்துவிடும். 1 சதுர மி.மீ. ஒயர் ஒன்றைத் தனியாக எர்த்துக்கு இழுங்கள். ஓட்டம் வரும் ஒயரும் அதே தடிமன். லூகாஸ் ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் 35 ஆம்பியர் ஃபியூஸ் இந்தக் காயிலைக் காப்பாற்றாது, ஆகவே சுவிட்சுக்கு முன்னால் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று சேருங்கள்.

சுவிட்சை அணைக்கும்போது காயிலில் எழும் எதிர் வோல்ட் தீப்பொறியாகிச் சுவிட்சுத் தொடுமுனையைத் தின்னும். காயிலுக்குக் குறுக்கே 1என்5408 டையோடு ஒன்று வைத்தால் அடங்கும். டையோடின் வெள்ளிக்கோடு உள்ள முனை எப்போதும் பாசிட்டிவ் பக்கம். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அது எர்த் பக்கம் என்பதை மறந்து மாற்றி வைத்தால் ஃபியூஸ் போகும்.

டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இல்லாத வண்டிக்கு ஒரு சுலபமான வழி உண்டு. 12 வோல்ட் 2.2 வாட் பல்பு ஒன்றின் இரு முனையையும் இடது, வலது ஒயர்களில் கொடுங்கள், எர்த் வேண்டாம். இடது போட்டால் வலது காயில் வழியாகவும், வலது போட்டால் இடது காயில் வழியாகவும் எர்த் கிடைத்துப் பல்பு எரியும். அந்தச் சிறு ஓட்டம் எதிர்க்கையைத் தூக்காது. கை எழுந்தும் இந்தப் பல்பு எரியாவிட்டால், பல்பு நன்றாக இருக்கும் பட்சத்தில், எதிர்ப்பக்கக் காயிலிலோ அதன் எர்த்திலோ கோளாறு. சும்மா கிடைக்கும் சோதனை.

திருகை இறுக்கும் முன் கை தூணோடு மட்டமாக உட்காருகிறதா பாருங்கள். துருத்தினால் பின்னால் மெல்லிய ரப்பர் வாஷர் வைத்துச் சரிசெய்யலாம். கை விழுந்து மோதும் இடத்துத் திண்டு காய்ந்திருந்தால் 3 மி.மீ. ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள்.

இப்போது இன்ஜினை அணைத்து, ஹெட்லைட்டைப் போட்டு, கையை இயக்குங்கள். பேட்டரி முனைக்கும் யூனிட் டெர்மினலுக்கும் இடையே மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது, யூனிட் உடலுக்கும் பேட்டரி எர்த் முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் கூடாது. 6 வோல்ட் வண்டியில் இதில் பாதி. கூடுதலாக வந்தால் பெரும்பாலும் சுவிட்சின் தொடுமுனைகள்தான். பிரித்து 2000 நம்பர் பேப்பரால் துடைத்தால் ஒரு வோல்ட் வரை திரும்பக் கிடைக்கும்.

தெருவில்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 இண்டிகேட்டரை மஞ்சளாக, நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்னுவதாகக் கேட்கிறது. இந்தக் கை மின்னாது. 2021 ஜூலையில் வந்த திருத்தத்தின்படி 50 வயது தாண்டிய வண்டியை "வி.ஏ." எழுத்தோடு விண்டேஜாகப் பதியலாம், ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. எனவே பாடியில் துளை போடாமல், பம்பர் பிராக்கெட்டிலோ நம்பர் பிளேட் தகட்டிலோ சிறிய மின்னும் விளக்குகளை, அவற்றை மின்னவைக்கும் தனி ஃபிளாஷரோடு சேர்ப்பதே எங்கள் பரிந்துரை. காயிலை அந்த ஃபிளாஷரோடு இணைக்காதீர்கள். கை நிமிடத்துக்கு எண்பது முறை குதித்தால் கொக்கியும் அச்சும் தேய்ந்துபோகும்.

மிண்ட் தெருவிலும் ஈவினிங் பஜாரிலும் டூவீலர்கள் இடப்பக்கம் ஒரு சாண் இடைவெளியில் நுழையும். அங்கே எழும் கை ஓட்டுகிறவரின் தோளில் இடிக்கும், உடைவது கைதான். அந்த இடங்களில் மின்னும் விளக்கை மட்டும் போடும்படி காயிலுக்குத் தனி சுவிட்ச் வைத்துக்கொள்ளலாம்.

கோளாறு வந்தால்

பாதியில் நின்றால் வோல்ட் குறைவு அல்லது உரசல். கையை விரலால் தாங்கிவிட்டதும் மேலே போய் நின்றுகொண்டால் வோல்ட்டைப் பாருங்கள், தாங்கியும் போகாவிட்டால் உரசலைத் தேடுங்கள். எழுந்தது விழ மறுத்தால் பிசின், வளைந்த மேல்தகடு, விறைத்த ஒயர் என்ற வரிசையில் சோதியுங்கள். வேகத்தடையில் தானாக வெளியே வந்தால் கொக்கியின் முனை மழுங்கியிருக்கிறது, அரத்தால் கூராக்காமல் கொக்கித் தகட்டை அரை மில்லிமீட்டர் உள்ளே வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் போட்டால் இரண்டு கையும் துடித்தால், சுவிட்சிலோ ஒயரிங்கிலோ இடது, வலது ஒயர்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பிரித்துவிட்டால் அது நின்றுவிடும்.